புதிய தவறுகள் போதவில்லை

நடுக்கல்லூரணி அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் சங்கரவடிவு, அந்தக் கோடை விடுமுறை முழுவதையும் இலவசத்தைத் தேடியே கழித்தாள். பள்ளிக்கு அரசு கொடுத்த டேப் முப்பத்தாறு இருந்தது. அவற்றில் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்க வழியும் இல்லை. ஆகவே, வகுப்பறைக்கான இலவச இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

முதல் தளம் அவளுடைய பிறந்த தேதி, கைபேசி எண், பள்ளியின் முத்திரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பதினான்கு நாள் மட்டும் இலவசம் என்றது. இரண்டாவது, பின்னங்களைப் பீட்சாவை வெட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது. அவள் வகுப்பில் பீட்சாவை எட்டாக வெட்டும் நிலையில் யாரும் இல்லை. கிடைத்தால் வெட்டாமலே தின்றுவிடுவார்கள். மூன்றாவதில் முக்கோணவியல் நடக்கும்போதே ஒரு பெண் வந்து ரம்மி ஆட வரச்சொல்லிக் கண்ணடித்தாள். நான்காவது தமிழில்தான் பேசியது, ஆனால் கல்வெட்டைப் படிப்பது போலப் பேசியது.

ஐந்தாவது ‘தெளிவு’. விளம்பரம் இல்லை. கெடு இல்லை. கைபேசி எண்கூடக் கேட்கவில்லை. நாற்பத்தொரு பக்க நிபந்தனைகள் மட்டும் இருந்தன. சங்கரவடிவு அவற்றைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் கீழே தள்ளி, ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினாள். இந்தக் காலத்தில் மனிதர்கள் அதிகம் சொல்லும் பொய் அதுதான். அதைச் சொல்வதற்கு யாரும் குரலைத் தாழ்த்துவதுகூட இல்லை.

தெளிவு வேலை செய்த விதம் எளிமையானது. பிள்ளைகள் கணக்கைப் போட்டபடி, போடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு, தவறு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். ஐகோர்ட்துரைக்கு இயற்கணிதம் வராததற்குக் காரணம் இயற்கணிதம் அல்ல. நாலாம் வகுப்பில் பூஜ்ஜியத்தைப் பற்றி அவன் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஆறு ஆண்டுகளாக எந்த ஆசிரியர் கண்ணிலும் படாத அந்த முடிவைத் தெளிவு பதினோரு நிமிடத்தில் வெளியே எடுத்துப் போட்டது. திருத்திய தவறு திரும்பி வரவில்லை. காலாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பில் மூன்று பேரைத் தவிர எல்லாரும் கணக்கில் தேறினார்கள். தலைமையாசிரியர் ஞானதுரை ஆசிரியர்களுக்கெல்லாம் மிக்சர் வாங்கிக் கொடுத்தார். கல்வி அலுவலகத்திலிருந்து அழைத்து, “பிட் அடிச்சாங்களா, நீங்களே எழுதிக் குடுத்தீங்களா?” என்று விசாரித்தார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் டீச்சரின் திரையில் ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வகுப்பு இலவசத் திட்டத்துக்கான தகுதியை இழந்து வருகிறது. காரணம்: புதிய தவறுகள் போதவில்லை.’

கீழே ஒரு எண் இருந்தது. ஆசிரியர் அறையில், தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சங்கரவடிவு ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தாள்.

“வணக்கம் மேடம். பரணீதரன் பேசறேன். நான்தான் உங்க வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்.”

“நாங்க மகிழ்ச்சியா இல்ல தம்பி.”

“அதுக்குத்தான் மேடம் நான் இருக்கேன்.”

“பிள்ளைங்க நல்லாப் படிக்குதுன்னா நிறுத்துவீங்களாக்கும்?”

“படிக்கிறது பிரச்சினை இல்ல மேடம். தப்பு பண்ணாம இருக்கிறதுதான் பிரச்சினை.” அவன் குரலில் கிண்டல் இல்லை. மருந்துச் சீட்டு வாசிப்பவன் போலச் சொன்னான். “சரியான விடை உலகத்துல இருக்கிற எல்லா மெஷின்கிட்டயும் இருக்கு. எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். தப்புதான் மேடம் கிடைக்கல. ஒரு மனுஷன் எங்க பிசகுவான்னு தெரிஞ்சாத்தான், தானா ஓடுற கார் அவன் குறுக்க வர்றதுக்கு முன்னாடியே நிக்கும். மாத்திரையை மாத்திப் போடப் போறான்னு ஆஸ்பத்திரி மெஷினுக்குத் தெரியும். நிஜமான தப்பு வேணும். அதுக்குத்தான் இத்தனை பள்ளிக்கூடம்.”

“அப்ப இது சும்மா இல்ல.”

“யாரும் சும்மான்னு சொல்லல மேடம். இலவசம்னுதான் சொன்னோம். பதினேழாம் பக்கத்துல எல்லாமே இருக்கு.”

ஞானதுரை நெற்றியில் அடித்துக்கொண்டார். “இத்தனை வருசமா பெயிலாப் போன பயலுவள வீணா வீட்டுக்கு அனுப்பியிருக்கோமே டீச்சர்! லாரி வச்சு ஏத்திருக்கலாம்.”

வகுப்புக்கு வாரம் நாற்பது புதிய தவறுகள் வேண்டும். ஒரே தவறை இரண்டு பேர் செய்தால் ஒன்றுதான். வேண்டுமென்றே செய்தால் கணக்கில் வராது, குரலிலேயே தெரிந்துவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் குறைந்தால் மூடிவிடுவார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பரணீதரன், உரையாடல் திருப்தியாக இருந்ததா என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைக் கேட்டான்.

மறுநாள் சங்கரவடிவு வகுப்பில் விஷயத்தைச் சொன்னாள். “பொதுத்தேர்வு வரைக்கும் இது நமக்கு வேணும்னா, வாரத்துக்கு நாப்பது தப்பு வேணும். எங்க, யோசிச்சுப் போடுங்க பாப்போம்.”

வகுப்பின் முதல் மாணவி ஜெபஷீலா எழுந்தாள். “புக் பேக் கேள்வில இருந்தா டீச்சர், பாடத்துக்கு உள்ள இருந்தா?”

“எதுல இருந்து வேணும்னாலும் போடு.”

“ஒரு தப்புக்கு எத்தனை மார்க் டீச்சர்?”

ஐகோர்ட்துரை கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான்: “நாலாங்கிளாஸ்லயே இத சொல்லியிருந்தா மொத்த ஸ்கூலுக்கும் நான் ஒருத்தனே சப்ளை பண்ணியிருப்பேன். எல்லாத்தையும் திருத்திப்புட்டு இப்ப வந்து கேக்கிய.”

ஜெபஷீலா பக்கவாட்டில் கோடு கிழித்து, பத்துத் தவறுகளை அழகாக எழுதி, விடைகளுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். மற்ற முப்பத்து இரண்டு பேரும் அவள் நோட்டை வாங்கி, ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதி, டேப்பிடம் படித்துக் காட்டினார்கள். ஆண்டாண்டுக் காலமாக அந்த வகுப்பில் அறிவு பரவிய வழி அது. வெள்ளிக்கிழமை மாலை முடிவு வந்தது. ‘பதிவான தவறுகள்: 0. குறிப்பு: இவை தவறுகள் அல்ல. கையெழுத்துப் பயிற்சி.’

திங்கட்கிழமை உலகம்மாள் திரும்பி வந்தாள். அவளுடைய அக்கா தூரத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறாள். மெஷினில் கை மாட்டியதால் அவளுக்குச் சோறு பொங்கிப் போடப் போன உலகு, பள்ளி திறந்த நாளிலிருந்தே வரவில்லை. தெளிவின் கை படாத ஒரே பிள்ளை. அன்று மாலையே திரையில் ‘மாணவர் 34: புதிய தவறுகள் 11. முதல் தரம்’ என்று வந்தது.

சங்கரவடிவு அவற்றைத் திறந்து படித்தாள். ஆறு பேர் எட்டு நாளில் முடிக்கும் வேலையைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பதற்கு உலகு பத்து நாள் என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு கூடிவிடும். அப்பாவுக்கு இன்று நாற்பத்திரண்டு வயது, ஐந்து ஆண்டு கழித்து எத்தனை என்ற கேள்விக்கு நாற்பத்திரண்டுதான் என்றிருந்தாள். வீட்டு ரேஷன் கார்டில் அப்படித்தான் நிற்கிறதாம். உருளை வடிவத் தொட்டியின் கொள்ளளவில் அடியில் மோந்து எடுக்க வராத தண்ணீரைக் கழித்திருந்தாள். சங்கரவடிவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரிக்க முடியவில்லை.

“பொண்ணு இல்ல டீச்சர் இது, ஊத்து,” என்றார் ஞானதுரை.

“ரெண்டு வாரத்துல இவளையும் அது திருத்திரும் சார். அப்புறம் என்ன பண்ண?”

பரணீதரனிடமே கேட்டார்கள். “ஆசிரியருக்கான பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு மேடம்,” என்றான் அவன். “ஒரு மாணவருக்கு மட்டும் விளக்கத்தை நிறுத்தி வைக்கலாம். தப்பைக் கேட்டுக்கும், திருத்தாது. நிறுத்துங்கன்னு நான் சொல்லல. பொத்தான் இருக்குன்னு மட்டும்தான் சொல்றேன்.”

சங்கரவடிவுக்குத் தெரிந்தது கணக்கு. முப்பத்து மூன்று, ஒன்றைவிடப் பெரியது. அதிலும் அந்த ஒன்றை முழுதாகக் கழிக்கவும் வேண்டாம். பிப்ரவரியில் பொத்தானைத் திருப்பிவிட்டால் தேர்வுக்கு முன் உலகுவையும் தேற்றிவிடலாம். இப்படித்தான் அவள் போட்டாள். வழிமுறை எல்லாம் சரியாகவே இருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

உலகுவைச் சாக்பீஸ் எடுத்துவர அனுப்பிவிட்டு, பொத்தானைப் பற்றி வகுப்பிடம் சொல்லி, இப்படி முடித்தாள்: “இது யாரும் அவகிட்ட சொல்லப்படாது. தெரிஞ்சா அவ தப்பெல்லாம் செல்லாமப் போயிரும்.”

யாரும் சொல்லவில்லை. அந்த வகுப்பு ஒரு வேலையை இவ்வளவு கட்டுப்பாடாகச் செய்ததே இல்லை.

ஐந்து வாரம் ஓடியது. தினமும் கடைசிப் பாடவேளையில் யாராவது, “உலகு, இன்னைக்கு எத்தன?” என்பார்கள். அவள் டேப்பில் வெறும் எண்ணாக மட்டும் நிற்பதைப் பார்த்து, “பதிமூணு” என்பாள். மொத்த வகுப்பும் கைதட்டும். உலகு தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். கூனி உட்காரும் பெண் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள். ஐகோர்ட்துரை மட்டும் கைதட்டுவதில்லை. மதியச் சாப்பாட்டில் தன் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவான். “என்னல இது?” என்று அவள் கேட்டால், “எனக்கு வாயு” என்பான்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. முப்பத்து மூன்று பேரும் தேறினார்கள். ஜெபஷீலா தொண்ணூற்றெட்டு. உலகு பத்தொன்பது. அந்தத் தாளைத் திருத்தும்போது சங்கரவடிவு ஒவ்வொரு தவறுக்கும் பெரிதாகப் பெருக்கல் குறி போடாமல், சின்னதாக, பென்சிலில் போட்டாள். அதனால் என்ன கூடிவிடப் போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

தாளை வாங்கிய உலகு இடத்துக்குப் போகவில்லை. மணி அடித்து எல்லாரும் வெளியே போனபின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், வேற ஆளு தாள மாத்திக் குடுத்துட்டிய.”

“உன் கையெழுத்துதான உலகு.”

“அப்ப கூட்டினது தப்பாருக்கும்.”

“இல்ல.”

“எப்படி டீச்சர்? எல்லாம் சரிதான?” அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். “மத்தவங்கள அது இங்க தப்பு அங்க தப்புன்னு நைநைன்னு சொல்லிட்டே இருக்கும். எங்கிட்ட ஒண்ணும் சொல்லாது. நான் போட்டு முடிச்சதும் ‘நன்றி’ன்னு மட்டும் சொல்லும். கிளாஸே கைதட்டுச்சு. நான்தான் பர்ஸ்ட்டுன்னு...” அவள் நிறுத்தினாள். “அம்மாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர். தொண்ணூறுக்கு மேல வரும்னு. என்ன மில்லுக்குக் கேட்டு வந்த ஏஜென்ட்ட அவ ஏசி அனுப்பிட்டா. பத்தாவது பாஸாயிட்டா அனுப்பவே மாட்டேன், பெயிலானா அக்கா இடத்துக்கு நீதான்னு அப்பா சொல்லியிருக்கு.”

சங்கரவடிவு பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. தாள் கடினம், நேரம் போதவில்லை, அடுத்த முறை பார்ப்போம். ஆசிரியர்கள் எல்லாரிடமும் இந்தச் சொற்கள் துடைத்து வைத்த டம்ளர்கள் போல அடுக்கியிருக்கும்.

“அது சரிக்குச் சொன்ன நன்றி இல்ல உலகு,” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது, பொத்தான், முப்பத்து மூன்று. உலகு கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. வெளியே பிள்ளைகள் சைக்கிள் எடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

“ஷீலாவுக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்.”

உலகு தாளை நாலாக மடித்தாள். கடைசியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

“அதான் முட்டை குடுத்தானா?”

சங்கரவடிவு அவள் முன்னாலேயே பொத்தானைத் திருப்பிப் போட்டாள். ‘உறுதியாகவா?’ என்று அது கேட்டது. நிறுத்தும்போது அப்படி எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னாள். “உலகுக்கு இனி விளக்கம் உண்டு. ரெண்டு வாரத்துல மூடிருவாங்க.”

“டீச்சர், அப்ப என் நூறு?” ஜெபஷீலாவின் குரல் உடைந்தது.

“சும்மா இரி ஷீலா,” என்றான் ஐகோர்ட்துரை. “அஞ்சு வாரமா அவ மார்க்கத்தான் எல்லாரும் தின்னுருக்கோம். ஏப்பம் வேற விடணுமாக்கும்?”

உலகு யாரையும் பார்க்கவில்லை. டேப்பை மடியில் வைத்து ஐந்து வாரப் பாக்கியைத் திருத்த ஆரம்பித்தாள். தெளிவு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் சண்டை போட்டாள். “அதெப்படி, பன்னெண்டு பேரும் பேசாமயா வேல பாப்பாவ?” அது பொறுமையாக விளக்கியது. அவளுடைய தவறுகள் நாளுக்கு ஒன்பது, நான்கு, ஒன்று என்று இறங்கின. இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை வைத்த வகுப்புத் தேர்வில் அவள் நாற்பத்தாறு எடுத்தாள். தேற முப்பத்தைந்து போதும். சங்கரவடிவு அந்தத் தாளின் மேல் நாற்பத்தாறு என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, இன்னொரு வட்டமும் போட்டாள்.

“இனி அது போனாப் போகட்டும் டீச்சர்,” என்றாள் உலகு. “மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.” டீச்சரின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு மூட வேண்டும். ஆசிரியர் அறையில் சங்கரவடிவும் ஞானதுரையும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலக் காத்திருந்தார்கள். நான்கு மணிக்குச் செய்தி வந்தது. ‘வாழ்த்துகள். ஒரு புதிய தவறு பதிவாகியுள்ளது. தரம்: மிக அரியது. உங்கள் இலவசத் திட்டம் மே மாதம் வரை நீட்டிக்கப்படுகிறது. தவறு செய்தவர்: ஆசிரியர்.’

சங்கரவடிவு உடனே அழைத்தாள்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம்,” என்றான் பரணீதரன். “எங்க ஆபீஸே பேசிக்கிட்டு இருக்கு. அந்தப் பொத்தானை அமுக்கினதுதான் தப்பு.”

“அது ஒண்ணும் புதுசு இல்லையே. மத்த ஸ்கூல்ல அமுக்கலையா?”

“ஆயிரத்து எழுநூறு வகுப்புல அமுக்கியிருக்காங்க மேடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளை. ஆனா யாரும் திருப்பிப் போடல. திருத்தினாத்தான மேடம் அது தப்புன்னு மெஷினுக்குத் தெரியும்? திருத்தாத வரைக்கும் அது வழக்கம்தான். நீங்க ஒருத்தர்தான் திருத்தியிருக்கீங்க.”

ஞானதுரை தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அந்த ஆயிரத்து எழுநூறு பேருக்கும் சொல்லுவீங்களா?” என்றாள் சங்கரவடிவு.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“சொன்னா அவங்களும் திருப்பிடுவாங்களே மேடம். அது பழைய தப்பு, கணக்குல வராது. பிள்ளைங்க தப்பும் நின்னுடும். அப்புறம் எதை வச்சு நடத்துறது?” குரலைத் தாழ்த்தினான். “எனக்கும் ஒரு தங்கச்சி எட்டாவது படிக்கிறா மேடம். எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க.” இந்த முறை அவன் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் எதுவும் கேட்காமலே வைத்துவிட்டான்.

“அடேயப்பா,” என்றார் ஞானதுரை. “மிக அரியதுன்னு போட்டிருக்கு டீச்சர். எனக்கு நல்லாசிரியர் விருதுலகூட அப்படிப் போடல. ஏதோ ஒரு தப்பு, அதுவும் நல்லதா முடிஞ்சிட்டு. மே வரைக்கும் கவலை இல்ல.”

சங்கரவடிவு கைபேசியில் மாநிலக் கணக்கு ஆசிரியர்கள் குழுவைத் திறந்தாள். ரோஜாப் பூவுக்குக் கீழே காலை வணக்கமும், அகவிலைப்படி பற்றிய அரசாணையும், மறுபடி ஒரு ரோஜாப் பூவும் கிடந்தன.

“டீச்சர், வேண்டாம்,” என்றார் ஞானதுரை. இப்போது அவர் சிரிக்கவில்லை. “எல்லாரும் திருத்திட்டா அவன் கடையவே சாத்திட்டுப் போயிருவான். நம்ம பிள்ளைங்களுக்கும் இல்லாமப் போயிரும். பரீட்சை வரைக்கும் பொறுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க.”

“நான் கணக்குப் போட்டதுலதான் சார் இவ்வளவும்.”

அவள் மெதுவாகத் தட்டினாள். ‘தெளிவு பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு. ஆசிரியர் பக்கத்தில் ஒரு பொத்தான் உள்ளது. அதை அழுத்தினால் ஒரு பிள்ளைக்கு மட்டும் விளக்கம் நின்றுவிடும். அந்தப் பிள்ளையின் தவறுகளால் வகுப்புக்கு இலவசத் திட்டம் நீடிக்கும். நான் அழுத்தினேன். ஐந்து வாரம் ஒரு பெண் தன் தவறுகளைச் சரி என்று நம்பிக்கொண்டிருந்தாள். அழுத்தியிருந்தால் தயவுசெய்து திருப்பிப் போடுங்கள்.’ ஒருமுறை படித்துப் பார்த்தாள். பெயரையும் பள்ளியையும் சேர்த்தாள். அனுப்பினாள்.

ஒரு நிமிடம் ஆனது. முதல் பதில் வந்தது. யாரோ ஒரு ஆசிரியர். படத்தில் கோட்டு போட்டிருந்தார்.

‘பயனுள்ள தகவல் டீச்சர், நன்றி. எங்கள் வகுப்பிலும் தவறுகள் குறைந்துவிட்டன. அந்தப் பொத்தான் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது?’

சங்கரவடிவு திரையைப் பார்த்தபடி இருந்தாள். அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு கட்டைவிரல் உயர்ந்தது. பிறகு நான்கு. அவள் மூச்சை விடுவதற்குள் இருபத்தாறு.